எச்ஐவிக்கு டிஎல்டி மாத்திரை போடுறவங்க ஹெபடைட்டிஸ் பி, சி ரிசல்ட்டையும் கையில வெச்சுக்கிறது எப்படி

எச்ஐவி மருந்து குடுக்கிற ஏஆர்டி சென்டர்ல மாத்திரை வாங்க உக்காந்திருக்கிறவங்க கிட்ட எதிர்ப்பு சக்தியை காட்டுற சிடி4 எவ்ளோன்னு கேட்டா டக்குனு சொல்லிருவாங்க, ரத்தத்துல எவ்ளோ வைரஸ் இருக்குன்னு காட்டுற வைரல் லோடும் சொல்லுவாங்க, டிஎன்டின்னு, அதாவது வைரஸ் தென்படவே இல்லன்னு வந்திருந்தா அதுல ஒரு பெருமை வேற. அதே ஆள்கிட்ட "உங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கா சி இருக்கா"ன்னு கேளுங்க, முழிப்பாங்க. நானும் பத்து வருஷம் அப்படி முழிச்சவன்தான். 2009-ல எனக்கு எச்ஐவின்னு தெரிஞ்சுது, சி இருக்குன்னு தெரிஞ்சது 2019-ல. நடுவுல இருந்த பத்து வருஷமும் அது சத்தமே இல்லாம லிவரை அரிச்சுட்டு இருந்திருக்கு. ஒரு வலி இல்ல, மஞ்சள் இல்ல, ஒன்னுமே இல்ல. அதனாலதான் இதை எழுதுறேன், டாக்டர் இல்ல நான், ஆனா இந்த வழியா நடந்து வந்தவன், கூட நாலு பேரை கூட்டிட்டும் போயிருக்கேன்.

முதல் வேலை, உங்க ஏஆர்டி புக்கை எடுத்து பின்னாடி ரத்த டெஸ்ட் எழுதுற பக்கத்தை பாருங்க. எச்பிஎஸ்ஏஜின்னு ஒன்னு, ஆன்டி எச்சிவின்னு ஒன்னு, ரெண்டும் எப்பவாச்சும் எடுத்திருக்காங்களா, எந்த வருஷம், பாசிட்டிவா நெகட்டிவா. எழுதவே இல்லன்னா அடுத்த தடவை போறப்ப கவுன்சிலர் கிட்டயே கேளுங்க, வெக்கப்பட ஒன்னும் இல்ல. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ்னா பி வைரஸ் இப்போ உடம்புல இருக்குன்னு அர்த்தம், ஆறு மாசத்துக்கு மேலயும் பாசிட்டிவாவே இருந்தா அதுதான் நாள்பட்ட பி. சி விஷயத்துல இப்படி நேரா சொல்லிட முடியாது. ஆன்டி எச்சிவி பாசிட்டிவ்னா "எப்பவோ சி உள்ள வந்திருக்கு"ன்னு மட்டும்தான் அர்த்தம், இப்பவும் இருக்கான்னு தெரிய எச்சிவி ஆர்என்ஏ டெஸ்ட் எடுக்கணும், ஏன்னா கொஞ்ச பேருக்கு மருந்தே இல்லாம தானா போயிடும். இன்னொரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, சிடி4 ரொம்ப கீழ இருக்கிறப்ப உடம்பு வைரஸை எதிர்க்கிற ஆன்டிபாடியே ஒழுங்கா செய்யாது, அதனால சி இருந்தும் கார்டு டெஸ்ட்ல நெகட்டிவ் காட்டலாம். சிடி4 நூறுக்கு கீழ இருந்தப்ப எடுத்த நெகட்டிவ், ஆனா லிவர் டெஸ்ட்ல வர்ற எஸ்ஜிபிடி மட்டும் இறங்கவே மாட்டேங்குதுன்னா ஆர்என்ஏ எடுத்துப் பாக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

ஏன் நமக்கு மட்டும் இவ்ளோ கவலைன்னா, மூணு வைரஸும் ஊருக்குள்ள வர்ற ரோடு ஒன்னுதான். ரத்தம், ஊசி, உடலுறவு, அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு. பி உடலுறவுல சுலபமா பரவும், சி பெரும்பாலும் ரத்தம் வழியா. எனக்கு எங்க இருந்து சி வந்துச்சுன்னு உறுதியா தெரியாது, ஆனா 1996-ல ஆக்சிடென்ட் ஆகி மூணு பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க, அப்போ ரத்த பேங்க்ல சி டெஸ்ட் கட்டாயம் இல்ல. எச்ஐவி கூட சேர்ந்துட்டா பி-யும் சி-யும் லிவரை தழும்பாக்குற வேகம் கூடிடும், மத்தவங்களுக்கு முப்பது வருஷத்துல வர்ற சிரோசிஸ், அதாவது லிவர் பூரா தழும்பாகிப் போறது, நமக்கு முன்னாடியே வந்து நிக்கலாம். எச்ஐவி மாத்திரை ஒழுங்கா போட்டா அந்த வேகம் குறையும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன், இதை மட்டும் படிச்சா கூட போதும். நாம தினம் போடுற டிஎல்டி மாத்திரைல மூணு மருந்து இருக்கு, டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடிகிராவிர் 50. இதுல முதல் ரெண்டும் எச்ஐவிக்கு மட்டும் இல்ல, ஹெபடைட்டிஸ் பி-க்கும் அதேதான் மருந்து. அதாவது உங்களுக்கு பி இருந்தா, பி-க்குன்னு தனியா மாத்திரை கிடையாது, ஒரே மாத்திரை ரெண்டு வேலை பாக்குது. வரம்தான், ஆனா அதுலயே ஒரு ஆபத்தும் இருக்கு. அந்த மாத்திரையை நிறுத்துனீங்கன்னா அடங்கிக் கிடந்த பி திமிறிட்டு எழுந்துரும்.

எனக்கு தெரிஞ்ச ஒரு அண்ணன், லோடு வண்டி ஓட்டுறவர், பி பாசிட்டிவ்னு புக்ல எங்கயோ மூலைல எழுதியிருந்துச்சு, அவருக்கே தெரியாது. வயித்தெரிச்சல்னு ஒரு தனியார் கிளினிக்குக்கு போயிருக்காரு, எச்ஐவி இருக்குன்னு சொல்ல கூச்சம், அதனால "வேற ஏதோ மாத்திரை போடுறேன்"னு மட்டும் சொல்லியிருக்காரு, அவங்களும் "எல்லாத்தையும் கொஞ்ச நாள் நிறுத்துங்க"ன்னு சொல்லிட்டாங்க. நிறுத்துனாரு, வயித்தெரிச்சல் போச்சு, நல்லாதானே இருக்கோம்னு அப்படியே நாக்பூர் லோடுக்கு போயிட்டாரு. மூணாவது மாசம் போன் பண்றாரு, தம்பி ஒன்னுக்கு டீ டிகாக்ஷன் மாதிரி போகுதுடான்னு. வந்து எடுத்துப் பாத்தா எஸ்ஜிபிடி 940. பதினோரு நாள் வார்டுல கிடந்தாரு. பிழைச்சது அதிர்ஷ்டம்னு டாக்டர் சொன்னாங்க, இந்த மாதிரி பி கிளம்பி லிவரே ஃபெயில் ஆகி போனவங்க இருக்காங்க.

அதனால பி பாசிட்டிவ்னா எந்த காரணத்துக்காக யாரு மாத்திரையை மாத்துனாலும் ஒரே கேள்விதான் கேக்கணும், "சார், எனக்கு பி இருக்கு, டெனோஃபோவிரை எடுத்தா பி-க்கு என்ன குடுப்பீங்க?" பெரும்பாலும் கிட்னி காரணமாதான் மாத்துவாங்க, கிட்னி டெஸ்ட்ல வர்ற கிரியாட்டினின் ஏறிடுச்சுன்னு. டொலுடிகிராவிர் ஆரம்பிச்ச புதுசுல கிரியாட்டினின் லேசா ஏறும், அது கிட்னி கெட்டதால இல்ல, அந்த மருந்து கிரியாட்டினின் வெளிய போற வழியை கொஞ்சம் அடைக்கிறதால. ஆனா டெனோஃபோவிர் நெசமாவே சிலருக்கு கிட்னியை பாதிக்கும், எது எதுன்னு டாக்டர்தான் பாத்து சொல்லணும். பாதிச்சிருந்தா டோஸை தள்ளித்தள்ளி குடுக்கிறது, டெனோஃபோவிர்லயே டிஏஎஃப்னு இன்னொரு வகை குடுக்கிறது, இல்ல என்டெகாவிர் சேக்கிறதுன்னு வழி இருக்கு. என்டெகாவிரை மட்டும் தனியா, முழு எச்ஐவி மருந்து இல்லாம போடக்கூடாது, எச்ஐவி அதுக்கு பழகி லாமிவுடின் கேக்காம போயிடும். லாமிவுடின் மட்டும் பி-க்கு போதும்னு விடுறதும் தப்பு, பழைய காலத்துல சிடோவுடின் கூட லாமிவுடின் வாங்குன நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு நாலஞ்சு வருஷத்துல பி வைரஸ் அதுக்கு அசையாம போனது இப்படித்தான்.

இப்ப யூடியூப்ல பாத்துட்டு "ரெண்டு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டா மாத்திரையே வேணாமாமே"ன்னு கேக்கிறாங்க. கபோடெகிராவிர், ரில்பிவிரின்னு அந்த ஊசில இருக்கிற ரெண்டுமே பி-யை தொடாது. டொலுடிகிராவிர் லாமிவுடின்னு ரெண்டே மருந்து உள்ள மாத்திரையும் பி இருக்கிறவங்களுக்கு ஆகாது. ஆசைப்படுறதுக்கு முன்னாடி எச்பிஎஸ்ஏஜியை பாருங்க.

பி-க்கு மருந்து இருக்கு, குணம்னு சொல்றது அபூர்வம், வாழ்நாள் பூரா மாத்திரைதான், எப்படியும் நாம போட்டுட்டுதான் இருக்கப் போறோம். சி அப்படி இல்ல, சி முழுசா குணமாகும். இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் ஆளுங்க நம்ப மாட்டேங்குறாங்க. முன்னாடி வாரா வாரம் இன்டர்ஃபெரான் ஊசி, ஒரு வருஷம், லட்சக்கணக்குல செலவு, காய்ச்சல்ல கிடக்கணும், அப்படியும் பாதி பேருக்கு போகாது. இப்போ சோஃபோஸ்புவிர் 400, டக்லாடஸ்விர் 60, தினம் ஒரு வேளை, 12 வாரம், அவ்ளோதான். 2018 ஜூலை 28-ல மத்திய அரசு ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டு திட்டம் ஆரம்பிச்சதுல இருந்து டெஸ்டும் மருந்தும் இலவசம். ஏஆர்டி சென்டர்லயே கேட்டா எந்த மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு போகணும்னு எழுதிக் குடுப்பாங்க. போறப்ப ஏஆர்டி புக், பழைய ரத்த ரிசல்ட், இப்போ போடுற எல்லா மாத்திரையோட அட்டை, எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க. அட்டையை மறந்துட்டு "ஒரு வெள்ளை மாத்திரை சார்"னு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க.

அட்டை ஏன்னா, மருந்துக்கு மருந்து ஆகாது. நான் 2019-ல டிஎல்டிக்கு முன்னாடி இருந்த எஃபாவிரென்ஸ் மாத்திரைல இருந்தேன், அது டக்லாடஸ்விரை உடம்புல சீக்கிரம் கரைச்சுரும், அதனால எனக்கு 60-க்கு பதிலா 90, ஒரு 60-ம் ஒரு 30-ம் சேத்து போட்டேன். டிஎல்டில இருந்தா 60 போதும். அட்டசனாவிர் ரிடோனாவிர் போடுறவங்களுக்கு 30 ஆயிரும். சிரோசிஸ் இருந்தா டக்லாடஸ்விருக்கு பதிலா வெல்படஸ்விர் குடுப்பாங்க, அது எஃபாவிரென்ஸ் கூட சேரவே சேராது, டெனோஃபோவிர் கூட போடுறப்ப கிரியாட்டினினை அடிக்கடி பாக்கணும். டிபி மருந்து ரிஃபாம்பிசின் ஓடிட்டு இருந்தா சி மருந்து ஆரம்பிக்க மாட்டாங்க, டிபி முடியட்டும்னு சொல்லுவாங்க, அது அலட்சியம் இல்ல, சேத்து போட்டா சி மருந்து வேலை செய்யாது. வலிப்பு மாத்திரை ஃபெனிட்டாயின், கார்பமசெபின் போடுறவங்களும், இதயத்துக்கு அமியோடரோன் போடுறவங்களும் வாயைத் திறந்து சொல்லிடுங்க.

அப்புறம் வயித்தெரிச்சல் மாத்திரை. நம்ம ஊர்ல பான்டபிரசோலை பெப்பர்மின்ட் மாதிரி போடுறாங்க, கல்யாண வீட்ல சாப்பிட்டா ஒன்னு, பிரியாணிக்கு ஒன்னு. வெல்படஸ்விர் போடுற 12 வாரமும் அது வேணாம், மருந்து ஒழுங்கா உறிஞ்சாது. டொலுடிகிராவிருக்கு பான்டபிரசோல் பிரச்சனை இல்ல, ஆனா அந்த ரோஸ் கலர் வெள்ளை கலர் ஆன்டாசிட் டானிக் இருக்கே, அதுதான் பிரச்சனை, டிஎல்டி போட்டு 2 மணி நேரம் கழிச்சு குடிங்க, இல்ல குடிச்சு 6 மணி நேரம் கழிச்சு டிஎல்டி போடுங்க. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைக்கும் இதே கணக்குதான், சாப்பாட்டோட சேத்து போட்டா மட்டும் ஒன்னா போட்டுக்கலாம்.

சி-யும் பி-யும் ரெண்டுமே இருக்கிறவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு சி மருந்து குடுத்து சி அடங்குறப்ப பி தலை தூக்கலாம். டெனோஃபோவிர் உள்ள மாத்திரைல இருந்தா காவல் இருக்கு. இல்லன்னா சி மருந்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதை சரி பண்ணணும்.

84 நாள் முடிஞ்சதும் ஆளுங்க பண்ற தப்பு ஒன்னு இருக்கு, சரியாயிடுச்சுன்னு போறதுதான். குணமான்னு தெரியணும்னா கடைசி மாத்திரை போட்டு இன்னொரு 12 வாரம் கழிச்சு ஆர்என்ஏ எடுக்கணும், அதுல வைரஸ் இல்லன்னாதான் குணம். எனக்கு அந்த ரிசல்ட் வந்த அன்னைக்கு லேப் பொண்ணு பேப்பரை நீட்டுறப்ப சாதாரணமா "நெகட்டிவ் அண்ணா"ன்னுச்சு, எச்ஐவி வாழ்க்கைல ஒரு வைரஸ் டெஸ்ட்ல எனக்கு கிடைச்ச முதல் நெகட்டிவ் அதான், வெளிய வந்து டீக்கடைல ரெண்டு வடை சேத்து சாப்பிட்டேன். ஆன்டி எச்சிவி கார்டு டெஸ்ட் மட்டும் சாகுற வரைக்கும் பாசிட்டிவாவே காட்டும், பின்னாடி எங்கயாச்சும் ஆபரேஷனுக்கு டெஸ்ட் எடுத்து "சி இருக்கே"ன்னு பயமுறுத்துனா ஆர்என்ஏ ரிசல்ட்டை காட்டுங்க. அந்த பேப்பரை லேமினேட் பண்ணி வெக்கிறது நல்லது. இன்னொன்னு, ஒரு தடவை குணமானா மறுபடி வராதுன்னு கிடையாது, அம்மை மாதிரி இல்ல இது, ஊசி பகிர்ந்தா திரும்ப வரும். ஊசி போட்டுக்கிற பழக்கம் இருக்கிற தம்பிங்களுக்கு, புப்ரெனார்ஃபின் மாத்திரை குடுக்கிற ஓஎஸ்டி சென்டர் இருக்கு, சுத்தமான ஊசியும் கிடைக்கும், அதுல இருந்துக்கிட்டே சி மருந்தும் எடுக்கலாம், யாரும் துரத்த மாட்டாங்க, துரத்துனா எச்ஐவி ஹெல்ப்லைன் 1097-க்கு போன் பண்ணுங்க.

லிவர் எந்த நிலைமைல இருக்குன்னு வீட்லயே ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம், ஏப்ரி ஸ்கோர்னு பேரு. எஸ்ஜிபிடி கூடவே வர்ற இன்னொரு லிவர் டெஸ்டான எஸ்ஜிஓடி அளவை லேப் பேப்பர்ல போட்டிருக்கிற மேல் அளவால வகுங்க, நூறால பெருக்குங்க, அதை பிளேட்லெட்டால வகுங்க, பிளேட்லெட்டை ஆயிரத்துல எழுதணும். உதாரணத்துக்கு எஸ்ஜிஓடி 80, மேல் அளவு 40, பிளேட்லெட் 1.2 லட்சம். 80-ஐ 40-ஆல வகுத்தா 2, நூறால பெருக்குனா 200, 1.2 லட்சம்னா 120 ஆயிரம், 200-ஐ 120-ஆல வகுத்தா 1.67. 2-க்கு மேல போனா சிரோசிஸ்னு பலமா சந்தேகப்படணும், அதுக்காக 2-க்கு கீழன்னா தப்பிச்சோம்னும் இல்ல, லிவர் தழும்பை அளக்குற ஃபைப்ரோஸ்கேன் எழுதிக் குடுங்கன்னு கேக்க இது ஒரு சாக்கு. சிரோசிஸ்னு முடிவாச்சுன்னா சி குணமான பிறகும் கூட ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வயித்து ஸ்கேன் எடுக்கணும், கேன்சர் கட்டி இருக்கான்னு பாக்க. பி இருக்கிறவங்களுக்கு சிரோசிஸ் இல்லாமலே கூட அது வரலாம். ரத்த வாந்தி, தார் மாதிரி கருப்பா மலம், வயிறு தண்ணி கோத்து வீங்குறது, ஆள் குழம்பி பேசுறது, பகல்ல தூங்கி ராத்திரி முழிச்சு கிடக்கிறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி. தலைவலின்னு பாரசிட்டமால் போடலாம், ஆனா சிரோசிஸ் இருந்தா ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாலுக்கு மேல வேணாம். குடி பத்தி நான் என்ன புதுசா சொல்ல, எனக்கே விட ஒன்றரை வருஷம் ஆச்சு.

கீழாநெல்லி பத்தி சொல்லலைன்னா கமென்ட்ல சண்டைக்கு வருவீங்க. நம்ம பாட்டி வைத்தியம்தான், அதை கிண்டல் பண்ண மாட்டேன், ஏன்னா அதை உலகமே ஒரு காலத்துல சீரியஸா பாத்துச்சு. 1988-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி தியாகராஜன் குழு லான்செட்ல எழுதுன ஆராய்ச்சில, கீழாநெல்லி குடுத்த 37 பேர்ல 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் ஆச்சுன்னு வந்துச்சு, அதுல கூட கையெழுத்து போட்டவர் பி வைரஸை கண்டுபிடிச்சு நோபல் வாங்குன பரூக் பிளம்பெர்க்கே, அவரு பிறந்த நாளான ஜூலை 28-தான் உலக ஹெபடைட்டிஸ் தினம். ஆனா அதுக்கப்புறம் மத்த இடங்கள்ல திரும்ப பண்ணிப் பாத்தப்ப அந்த ரிசல்ட் வரல. மோர்ல அரைச்சு குடிச்சு உங்களுக்கு மஞ்சக்காமாலை போச்சுன்னா, அது பெரும்பாலும் தண்ணில பரவுற ஏ இல்ல ஈ, அது தானா போற ஜாதி. நாள்பட்ட பி-யும் சி-யும் அப்படி போகாது. லோடு வண்டி அண்ணனும் மஞ்சளா ஆனதும் முதல் ஒரு வாரம் கீழாநெல்லிலதான் ஓட்டுனாரு, கையில சூடு கூட போட்டுக்கிட்டாரு, அந்த தழும்பு இன்னும் இருக்கு. பேரு தெரியாத லிவர் சூரணம், பஸ்பம் இதெல்லாம் வேணாம்.

பி நெகட்டிவ்னு வந்தா உடனே பி தடுப்பூசி கேளுங்க, சி-க்கு தடுப்பூசியே கிடையாது. தமிழ்நாட்லயும் கேரளாவுலயும் 2011 டிசம்பர்லதான் குழந்தைங்களுக்கு பி சேந்த பென்டாவேலன்ட் ஊசி முதல்ல வந்துச்சு, அதனால நம்ம வயசு ஆளுங்க பெரும்பாலும் போட்டிருக்க மாட்டோம். எச்ஐவி இருக்கிறவங்களுக்கு சாதாரண 20 மைக்ரோகிராம் டோஸ் சரியா பிடிக்காது, அதனால பல டாக்டருங்க 40-ஆ, நாலு தவணையா போடுவாங்க. போட்டு முடிச்சு ஒரு ரெண்டு மாசத்துக்குள்ள ஆன்டி எச்பிஎஸ் டைட்டர், அதாவது ஊசியால வந்த ஆன்டிபாடி அளவு, பாருங்க, 10-க்கு மேல இருந்தா பிடிச்சிருக்கு, இல்லன்னா திரும்ப போடணும்.

வீட்ல இருக்கிறவங்களுக்கும் டெஸ்ட் எடுங்க. உங்களுக்கு பி இருந்தா கணவனோ மனைவியோ பிள்ளைங்களோ எல்லாருக்கும் டெஸ்ட், நெகட்டிவ்னா ஊசி. ஒரே தட்டுல சாப்பிட்டா, கட்டிப் பிடிச்சா வராது, ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ், நெயில் கட்டர் மட்டும் தனியா வெச்சுக்கோங்க. வைரல் லோடு டிஎன்டின்னா எச்ஐவி உடலுறவுல பரவாதுன்னு சொல்றாங்களே, உண்மைதான், ஆனா அது எச்ஐவிக்கு மட்டும், சி-க்கு அந்த கணக்கு செல்லாது. கர்ப்பமா இருக்கிற பொண்ணுக்கு பி இருந்தா டிஎல்டியை நிறுத்தவே கூடாது, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள்ள பி ஊசி, கூடவே 12 மணி நேரத்துக்குள்ள எச்பிஐஜின்னு ரெடிமேடா ஆன்டிபாடி இருக்கிற இன்னொரு ஊசி, இதை பிரசவ வலி வந்து கேக்காதீங்க, ஏழாம் மாசமே டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வெச்சுக்கோங்க, எச்பிஐஜி எல்லா இடத்துலயும் இருப்புல இருக்காது.

எச்ஐவி இருக்குன்னு எல்லார்கிட்டயும் சொல்லணும்னு இல்ல, 2017 எச்ஐவி சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம அதை வெளிய சொல்லக் கூடாது, 2018 செப்டம்பர்ல இருந்து அது அமல்ல இருக்கு. ஆனா மாத்திரை எழுதுற டாக்டர்கிட்ட மட்டும் மறைக்காதீங்க. வாயால சொல்ல கஷ்டமா இருந்தா புக்கை நீட்டிடுங்க. என் புக்கோட முதல் பக்கத்துல நானே பேனால எழுதி வெச்சிருக்கேன், "சி குணம், ஆர்என்ஏ நெகட்டிவ். பி நெகட்டிவ், ஊசி 4 போட்டாச்சு". லோடு வண்டி அண்ணனோட புக்ல சிவப்பு மைல எழுதுனதும் நான்தான், "பி பாசிட்டிவ், டெனோஃபோவிர் நிறுத்தாதீங்க". போன மாசம் அவருக்கு கிரியாட்டினின் 1.6, புது டாக்டர் மாத்திரையை மாத்த எழுதப் போனவரு அந்த சிவப்பை பாத்துட்டு பேனாவை வெச்சுட்டு சீனியருக்கு போன் போட்டாராம்.